நெற்றிக்காசு

பல் செட் கட்டுகிறவனுக்கு முகம் மறந்துபோகும், வாய் மறக்காது. செம்மலும் அப்படித்தான். புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், வீட்டு முன்னறையையே லேபாக்கிக்கொண்டு, இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் வாய்க்குப் பல் செய்து பிழைக்கிற மனுஷன். ரோட்டில் யாராவது கும்பிட்டால் யாரென்று விழிப்பார். அதே ஆள் வாயைத் திறந்து சிரித்துவிட்டால் போதும், “அட, மேல் செட்டு முழுசு, கீழ ரெண்டு பல்லு, தீபாவளிக்கு முந்தின வாரம்” என்று ஜாதகமே சொல்லிவிடுவார்.

பங்குனியில் ஒரு மத்தியானம், மணி இரண்டு இருக்கும். சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே லேபுக்குள் வந்தவர், வாசல் பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை.

“மூணு மணிக்குத்தாங்க லேப்பு. யாரு நீங்க?”

பெரியவர் நிமிர்ந்து சிரித்தார். மேல் வரிசையில் இடது சிங்கப்பல் லேசாக உள்பக்கம் திரும்பியிருந்தது. செம்மலுக்கு உடனே தெரிந்துவிட்டது. செங்கண்மாய்ப்பட்டி இருளாண்டி. ‘என் பழைய பல்லு அப்படித்தான் கோணலா இருந்துச்சு, அப்படியே வெச்சுக் கட்டுங்க, இல்லாட்டி என் வீட்டுக்காரிக்கு அடையாளம் தெரியாது’ என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் அடம்பிடித்துக் கட்டிக்கொண்டு போன ஆள். செங்கண்மாய்ப்பட்டி செம்மலின் அக்கா ராசாத்தி வாழ்க்கைப்பட்ட ஊர். பொன்னமராவதிப் பக்கம்.

“அடடே, நீங்களா! என்ன, பல்லு ஏதும் கடிக்குதா?”

“பல்லெல்லாம் நல்லா இருக்கு. ஆளு வருவாக. அதுவரைக்கும் இங்கிட்டு ஒக்காந்துக்கிறேன்.”

“யாரு வருவா?”

“வருவாக” என்றார் பெரியவர். அவர் நெற்றி முழுக்கச் சந்தனம் அப்பியிருந்தது. நடுவில் மட்டும் வட்டமாக, ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய அளவுக்கு, சந்தனம் இல்லாமல் தோல் தெரிந்தது. கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார் போல என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார் செம்மல். சொம்போடு திரும்பி வந்தபோது பெஞ்சு காலி. கீழே மொசைக் தரையில் இரண்டு பாதம், ஈரச் சேற்றில் பதிந்த மாதிரி இருந்தது.

அதைத் துடைத்தது அவர் மனைவி அருணா. துடைத்துக்கொண்டே சத்தம் போட்டாள். “யாருங்க சேத்துக் காலோட உள்ள வந்தது? பங்குனி வெயிலு மண்டையப் பொளக்குது, சேறு எங்கிட்டுக் கெடக்கு?”

சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். “தம்பி, நம்ம இருளாண்டி நேத்துக் காலையில செத்துப்போனாருடா. நேத்தே எடுத்துட்டாங்க. பல்லோடயே போகட்டும்னு மகன் சொல்லிட்டான். நீ கட்டுன பல்லுதானே, அதான் சொல்லலாம்னு...”

செம்மலின் கண் தானாகப் போய் நின்ற இடம், அலமாரியில் இருந்த அந்தத் தேக்குப் பெட்டி.

பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. செம்மலுக்குப் பதக்கப் பைத்தியம். பரிசுப் பதக்கம் அல்ல. அந்தக் காலத்தில் ராஜா முடிசூடினால், பாலம் திறந்தால், பஞ்சம் ஒழிந்தால் நினைவுக்காக அடித்தார்களே, அந்தப் பதக்கங்கள். வேறு கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, பாவம். பீடி இல்லை, சீட்டு இல்லை. ஆனால் பழைய பித்தளை வியாபாரி கடையில் ஒரு வட்டத் தகடு பளிச்சென்று தெரிந்துவிட்டால் மனுஷனுக்குக் கால் நகராது.

அவற்றில் உயிரை வாங்கியது ஒரே ஒரு பதக்கம். 1878-ல், தாது வருஷத்துப் பஞ்சம் அடங்கின கையோடு, மேலக்குறிச்சி ஜமீன் வெட்டின செங்கண்மாய்க்காக அடித்தது. ஒரு பக்கம் தலைப்பாகையோடு ஜமீன் முகம், மறுபக்கம் மூன்று கண் வைத்த மடை. தங்கத்தில் ஒன்று, அது ஜமீன் பேத்தி கல்யாணத்தில் ஒட்டியாணத்துக்குள் உருகிப் போய்விட்டது. வெள்ளி, மேஸ்திரிகளை மேய்த்த அதிகாரிகளுக்கு. செம்பு, ஊர் அம்பலக்காரர்களுக்கு. பித்தளை, மேஸ்திரிகளுக்கு. இந்த மூன்றும் செம்மல் கையில் இருந்தன. நாலாவதாக ஈயத்தில் ஒன்று உண்டு. பதக்கம் சேர்க்கிறவர்களைக் கேட்டால் ஈயத்தில் அடித்தது வெறும் மாதிரி என்பார்கள்; அச்சு ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துவிட்டு மேசையில் போட்டுவிடுவது. ஒன்றே ஒன்றுதான் அடிப்பார்கள். அதனாலேயே அதற்குத்தான் மவுசு.

பெட்டியில் நீல வெல்வெட் போட்டு நாலு வட்டம் வெட்டி வைத்திருந்தார். மூன்றில் பதக்கம் இருந்தது. நாலாவது பதினோரு வருஷமாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அந்த ஈயப் பதக்கம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அக்கா வீட்டு டிரங்குப் பெட்டியில், மஞ்சள் துணியில் முடிந்து இருந்தது.

கண்மாய் வெட்டும்போது கரை சரிந்து நாற்பத்தொரு பேர் உள்ளே போனார்கள். தோண்டி எடுக்க நேரமில்லை என்று ஜமீன் அவர்கள் மேலேயே கரையைப் போட்டு முடித்துவிட்டது. கண்மாய் திறந்த அன்றைக்குச் செத்தவர்களின் சனங்கள் போய், “நெத்தியில வைக்க ஒரு காசுகூட இல்லாமப் போயிட்டாக சாமி” என்று நின்றதற்கு, மேனேஜர் மேசையில் கிடந்த அந்த ஈயத் துண்டை எடுத்து வீசினானாம். நாசமாய்ப் போகிறவன்! நாற்பத்தொரு உசிருக்கு ஒரு ஈயத் துண்டு. ஆனால் அதையும் வாங்கி வந்து கரையில் மஞ்சள் தடவி வைத்துக் கும்பிட்டார்கள். அன்றிலிருந்து செங்கண்மாய்ப்பட்டியில் யார் செத்தாலும் நெற்றியில் வைக்கிற காசு அதுதான். பாடை தூக்குகிறபோது எடுத்து, கண்மாய்த் தண்ணீரில் கழுவி, மறுபடி முடிந்து வைத்துவிட வேண்டும். பாதுகாக்கிற பொறுப்பு அக்காவின் புருஷன் அடைக்கலம் வீட்டுக்கு.

அடைக்கலம் உயிரோடு இருந்தபோது மச்சினனிடம் சொல்லியிருக்கிறார். “போற உசுரு நேரா காசு இருக்கிற எடத்துக்குத்தான் மாப்ள வந்து நிக்கும். கம்மாய்க்காரவுக நாப்பத்தோரு பேரும் வழி தெரிஞ்சவுக. கரைக்கு வந்து நம்மாளக் கூட்டிக்கிட்டுப் போவாக. ஆனா கரையத் தாண்டி வரமாட்டாக, பாத்துக்க.” செம்மல் அப்போது தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மனசுக்குள் ஓடியதென்னவோ வேறு. அந்தப் பதக்கத்தில் ஜமீன் முகம் தேய்ந்தே போய்விட்டது. நூற்றைம்பது வருஷ நெற்றிகள் தேய்த்த தேய்ப்பு. இப்படி ஒரு சாமான் உலகத்தில் வேறெங்கே கிடைக்கும் என்றுதான் ஓடியது.

அடைக்கலம் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் நெற்றியில் அந்தக் காசை வைத்ததும் எடுத்ததும் ராசாத்திதான். அழுது முடித்த கையோடு அவள் தம்பியிடம் சொன்னாள்: “எனக்கென்னடா கவலை? என் முறை வாரப்ப கரையில ஒங்க மச்சானும் நிப்பாக. கையப் புடிச்சு அவுகதான் கூட்டிக்கிட்டுப் போவாக.” அதற்கப்புறம் அவள் ஆசையென்று வாய்விட்டுச் சொன்னது அது ஒன்றைத்தான். சொல்லும்போதெல்லாம் முகம் கழுவிவிட்ட மாதிரி புதுப்பெண் களையோடு இருக்கும்.

அப்படிப்பட்ட அக்காவிடம்தான், போன தை மாசம், “ரெண்டு நாளைக்குக் குடுக்கா. போட்டோ எடுத்து, எடை பாத்துட்டுத் தந்துருறேன்” என்று கேட்டார் செம்மல்.

அவள் தயங்கினாள். ஊரை விட்டு அது வெளியே போனதே இல்லை. ஆனால் கேட்பது தம்பி. ஆத்தா செத்தபிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. “ஊர்ல ரெண்டு பேரு இழுத்துக்கிட்டுக் கெடக்காங்கடா. வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாந்துரு” என்று முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். பஸ் ஏற்றிவிடக் கண்மாய்க்கரை வரை வந்தாள். எப்போதும் அப்படித்தான், பஸ் திரும்புகிற வரை நின்று கையாட்டுவாள், அப்புறம் வீட்டுக்கு நடக்கிறபோதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவாள்.

வாய்க்குள் இருக்கிற மேடு பள்ளமெல்லாம் மயிரிழை பிசகாமல் அச்செடுக்கத் தெரிந்தவருக்கு ஒரு ஈயத் துண்டு எந்த மூலைக்கு? சிலிக்கோனில் அச்சு, மீன்வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை வாங்கி உருக்கி ஊற்று, புகை காட்டிக் கறுப்பாக்கு. தராசில் போட்டார். அசல் முப்பத்தொரு கிராம் நானூறு மில்லி. நகலும் அதேதான். வெள்ளிக்கிழமை நகலைக் கொண்டுபோய் அக்காவின் கையில் வைத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்தாள். செம்மல் அன்றைக்கு அந்த வீட்டில் நாலு இட்லி சாப்பிட்டார். எப்படித்தான் தொண்டையில் இறங்கியதோ!

இருளாண்டி மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். இரண்டு மணிக்கு வந்து பெஞ்சில் உட்காருவார். மூன்றடிக்கும்போது பார்த்தால் இருக்கமாட்டார். மிரட்டல் இல்லை, முறைப்பு இல்லை. டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். செம்மலைப் பார்த்தால் மட்டும் மரியாதையாகக் கேட்பார்: “ஆளு யாரும் வரலீங்களா?”

“வரலைங்க” என்பார் செம்மல்.

சித்திரையில் பெஞ்சில் இரண்டு பேர் ஆனார்கள். மோகனப்ரியா, அதே ஊர்ப் பெண். இருபத்தாறு வயசு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்தது. ஸ்கூட்டியில் போகும்போது திருமயம் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. அக்கா மகள் சரண்யாவின் சிநேகிதி. சின்ன வயசில் முன்பல் உடைந்து, செம்மல்தான் ஒட்டுப்பல் செய்துகொடுத்தார். அது இருளாண்டிக்குப் பக்கத்தில் ஹேண்ட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, “அங்கிள், எனக்கு வழி தெரியலை. யாராச்சும் வருவாங்கல்ல?” என்று கேட்டபோது செம்மல் உள்ளே ஓடிப்போய்க் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு அழுதார். அழத் தெரிந்த மனுஷனுக்குப் பதக்கத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறத் தெரியவில்லை பாருங்கள்!

அருணாவுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் தினமும் சேற்றைத் துடைத்தாள். “அந்தப் பெஞ்சுப் பக்கம் போனாலே காலு ஐஸ் வெச்ச மாதிரி இருக்குங்க. பல்லு கட்ட வாரவங்களும் நின்னுக்கிட்டே பேசிட்டுப் போறாங்க, யாரும் ஒக்கார மாட்டேங்குறாங்க” என்றாள். பெஞ்சைத் தூக்கி வெளியே போட்டுப் பார்த்தார்கள். மறுநாள் இருளாண்டியும் மோகனப்ரியாவும் பெஞ்சு இருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். வயசான மனுஷர் கால் கடுக்க நிற்பதைப் பார்க்க முடியாமல் செம்மலே பெஞ்சைத் திரும்ப எடுத்துப் போட்டார்.

காரணம் அவருக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். காசு இங்கே, அழைத்துப் போகிறவர்கள் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் கரையில். ஆனால் வைகாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் பதக்கம் சேர்ப்போர் கண்காட்சி. நாலு உலோகமும் சேர்ந்த செட் தமிழ்நாட்டிலேயே இவரிடம் மட்டும்தான். ஒரே ஒரு நாள், நாலு பேர் பார்க்கட்டும். திங்கட்கிழமை கொண்டுபோய் மாற்றி வைத்துவிடலாம். யாருக்கும் தெரியவேண்டாம். இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அக்கா போன் பண்ணினாள். நெஞ்சுவலிக்காரி, பேசும்போது மூச்சு இரைத்தது.

“தம்பி, ஒன்னு கேப்பேன், மறைக்காமச் சொல்லு. நீ எடுத்துட்டுப் போன காசத்தானே திருப்பிக் குடுத்த?”

“ஏன்க்கா இப்படிக் கேக்குற?”

“ஒங்க மச்சான் நெத்தியில இருந்து எடுக்கயில அது லேசுல வரலடா. சந்தனத்தோட புடிச்சுக்கிட்டு, பொறுத்துத்தான் வந்துச்சு. எப்பவும் அப்படித்தான் வரும். இருளாண்டிக்கு வெச்சப்ப தொட்ட ஒடனே கையோட வந்துருச்சு. சரி, கையில எண்ணெய் இருந்துச்சோன்னு விட்டுட்டேன். அந்தப் புள்ள மோகனப்ரியாவுக்கும் அப்படித்தான் வந்துச்சு. எனக்கு அன்னையில இருந்து தூக்கம் இல்லடா.”

ஒரு வார்த்தை. ‘ஆமாக்கா, தப்புப் பண்ணிட்டேன்’ என்கிற ஒரு வார்த்தை போதும். ஆனால் மேசை மேல் கண்காட்சிக்கான பெட்டி திறந்திருந்தது. நாலு வட்டமும் நிறைந்திருந்தன. வெள்ளி, செம்பு, பித்தளை, ஈயம்.

“அதே காசுதான்க்கா” என்றார் செம்மல். “ஒந் தலையில அடிச்சுச் சத்தியமாச் சொல்றேன்.”

நம் பக்கத்தில் எதன் மேல் வேண்டுமானாலும் பொய்ச் சத்தியம் பண்ணுவார்கள். சாமி மேல் பண்ணுவார்கள், சோற்றின் மேல் பண்ணுவார்கள். கூடப் பிறந்தவள் தலையில் மட்டும் பண்ணமாட்டார்கள். சொன்னது பொய்யென்றால் அந்தத் தலை நிற்காது என்பது குழந்தைக்கும் தெரியும். செம்மலுக்குச் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

“சரிடா தம்பி” என்றாள் ராசாத்தி. “நேரத்துக்குச் சாப்புடு.” போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையிலேயே திருச்சிக்குப் பஸ் ஏறினார். போகும்போதே மொபைலைச் சைலண்டில் போட்டுப் பைக்கு அடியில் திணித்துவிட்டார். அக்கா கூப்பிட்டுவிடுவாளோ என்கிற பயம். கல்யாண மண்டபத்தில் கண்காட்சி. பெரிய பெரிய ஆட்கள் வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். “ஈயத்துல இவ்வளவு தேய்மானம் எப்படிங்க?” என்று ஒருவர் கேட்டார். செம்மல் துணியால் பெட்டி ஓரத்தைத் துடைத்தார். சிறந்த தொகுப்பு என்று ஷீல்டு கொடுத்தார்கள். கைதட்டினார்கள். பதினோரு வருஷம் கனவு கண்ட நாள். ஆனால் மண்டபத்துக் குளிரில் அவருக்கு முதுகு வேர்த்துக்கொண்டே இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார்.

மூன்றடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. தன்னிடமிருந்த சாவியால் திறந்தார்.

பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

இருளாண்டி. மோகனப்ரியா. இந்த ஓரத்தில், நெற்றி நிறையச் சந்தனமும் நடுவே வட்டத் தோலுமாக, ராசாத்தி.

“சாப்ட்டியாடா?” என்று கேட்டாள் அக்கா.

செம்மல் கையிலிருந்த ஷீல்டு கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. பையைக் கொட்டி மொபைலை எடுத்தார். முப்பத்திரண்டு மிஸ்டு கால். அருணாவுக்குப் போட்டார்.

“எங்க போய்த் தொலைஞ்சீங்க?” அருணா கதறினாள். “மதினி காலையில ஏழு மணிக்கே போயிட்டாங்க. ஏழரை பஸ்ஸுக்கே நான் வந்துட்டேன். பொறந்த வீட்டுக் கோடிக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. அஞ்சரைக்கு எடுத்துருவாங்களாம். கோடி வாங்கிட்டு சீக்கிரம் வாங்க!”

உடன்பிறந்தவன் கோடிச் சேலை போட்டால்தான் அவள் உடம்பைத் தூக்குவார்கள். அவர் போனை வைத்துவிட்டுப் பெஞ்சைப் பார்த்தார். மூவரும் அப்படியே இருந்தார்கள். ராசாத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒங்க மச்சான் இங்கிட்டு வரலையாடா?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

“அவரு கரையில நிக்கிறாருக்கா” என்று தேம்பினார் செம்மல். “வா, நான் கொண்டுபோய் விடுறேன். நீங்களும் வாங்கய்யா. நீயும் வாம்மா.”

ஈயப் பதக்கத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கீழ ராஜ வீதியில் கோடிச் சேலை எடுத்தார். ஸ்கூட்டரைக் கிளப்பி, “ஏறிக்கக்கா” என்றதும் வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. டயர் பஞ்சராகிவிட்டதோ என்று எட்டிப் பார்க்கிற அளவுக்கு அமுங்கியது. சட்டைப்பைக்குள் அந்த முப்பத்தொரு கிராம், நெஞ்சை ஒரு பக்கமாக இழுத்தது.

திருமயம் முக்கில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி மறித்தார். “ஏங்க, நீங்க மட்டும் ஹெல்மெட் போட்டுக்கிட்டா போதுமா? பின்னாடி ஒக்காந்திருக்க அம்மாவுக்கு எங்க?” என்றவர், கிட்டே வந்து பின்சீட்டை இன்னொரு தடவை பார்த்தார். கையில் வைத்திருந்த நோட்டு கீழே விழுந்தது. “போங்க... போங்க சார்” என்று மட்டும் சொன்னார். செம்மல் திரும்பிப் பார்க்காமல் வண்டியை முறுக்கினார். வழி நெடுக முதுகில் ஈரமாக ஒரு மூச்சு பட்டுக்கொண்டே வந்தது.

ஐந்து மணிக்குச் செங்கண்மாய்ப்பட்டி. பந்தலில் கூட்டம். வண்டியை நிறுத்தினதும் பின்பக்கம் நிமிர்ந்து லேசானது. “கோடி வந்துருச்சு, கோடி வந்துருச்சு” என்று வழி விட்டார்கள். உள்ளே அக்கா கிடந்தாள். நெற்றியில் கறுப்பாக அந்த நகல். அவர் கையால் ஊற்றின ஈயம்.

கோடியை மேலே போர்த்தினார். குனிந்தவர் நிமிரவில்லை. கையை நீட்டி நகலைத் தொட்டார். தொட்ட உடனே கையோடு வந்துவிட்டது.

“ஏய், என்னப்பா பண்றே? காச எடுக்காத!” என்று நாலு குரல் எழும்பியது.

யாருக்கும் தெரியாமல் மாற்றிவிட்டுப் போகத் திட்டமிட்டிருந்த மனுஷன், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். “இது பொய்க் காசுய்யா! நான் பண்ணுனது. அசலத் திருடிட்டுப் போயி என் பெட்டியில வெச்சுக்கிட்டேன். இருளாண்டி அய்யாவும் அந்தப் புள்ளையும் போக வழியில்லாம என் வீட்டுல காத்துக் கெடந்தாங்க. எங்கக்கா கேட்டுச்சு, அது தலையிலேயே பொய்ச் சத்தியம் பண்ணுனேன். நான்தான்யா அதக் கொன்னுட்டேன்!” சட்டைப்பையிலிருந்து அசலை எடுத்து அவள் நெற்றியில் வைத்துவிட்டுத் தரையில் விழுந்தார்.

இருளாண்டியின் மகன் செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்தான். அவனைத் தடுத்தது சரண்யா. அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

“விடுங்கண்ணே. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமையே தெரியும்.”

செம்மல் தலையைத் தூக்கினார்.

“நீங்க சத்தியம் பண்ணுன ஒடனே தெரிஞ்சு போச்சாம் மாமா. நெசமா இருந்தா தம்பி என் தலையத் தொடமாட்டான்னுச்சு. அப்பவே ஊர்ல சொல்லி ஒங்களக் கூப்பிட்டு விசாரிப்போம்னேன், கேக்கல. ‘ஊருக்குத் தெரிஞ்சா அவனைச் செருப்பால அடிப்பாகடி. நீ வாயத் தொறக்காத. எனக்குக் கோடி போட அவன் வந்துதானே ஆகணும், அப்ப அதையும் எடுத்துட்டு வருவான். அந்த ரெண்டு பேரையும் நானே கூட்டிக்கிட்டுப் போயிருறேன். என் தலைதானே, போனாப் போகுது’ன்னு சொல்லுச்சு. சொல்லிட்டு ஒங்களுக்குப் புடிக்கும்னு அதிரசத்துக்கு அரிசி ஊற வெச்சுச்சு.”

பாடை தூக்குகிற நேரம் வந்தது. காசை எடுக்கவேண்டியது இனி சரண்யாவின் பொறுப்பு. அவள் விரல் வைத்தாள். வரவில்லை. சந்தனத்தோடு இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, தானாகவே நெகிழ்ந்து அவள் உள்ளங்கைக்கு வந்தது. “அம்மா போயிருச்சு” என்றாள் சரண்யா.

செம்மல் நிமிர்ந்து தெருக்கோடியைப் பார்த்தார். சாயங்கால வெயிலில் கண்மாய்க்கரை முழுக்க ஆட்கள் நின்றார்கள். இடுப்பு வரை சேறு, தலையில் மண் கூடை. எண்ணவேண்டிய அவசியமில்லை, எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியும். அவர்களுக்கு முன்னால், வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மச்சான் அடைக்கலம். இருளாண்டி முதலில் ஏறினார். அந்தப் பிள்ளை ஹேண்ட்பேக்கை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறியது. அதற்குப் பின்னால் ராசாத்தி. அடைக்கலம் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா!” என்று கூப்பிட்டார் செம்மல். கூட்டத்தில் யாருக்கும் ஏன் கத்துகிறார் என்று புரியவில்லை. “யக்கா!”

முப்பது வருஷமாக அந்தக் கரையில் நின்று அவர் பஸ் மறைகிற வரை கையாட்டியவள், வீட்டுக்கு நடக்கிறபோதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனவள். செம்மல் காத்திருந்தார். அவர்கள் கரையின் அந்தப் பக்கம் இறங்க ஆரம்பித்தார்கள். முதலில் கால் மறைந்தது, அப்புறம் இடுப்பு, கடைசியாக அவள் கொண்டை மட்டும் தெரிந்தது.

ராசாத்தி திரும்பிப் பார்க்கவில்லை.